லினக்ஸுக்கு வருமாம்

அந்தக் கம்பெனிக்காரன் தன் மென்பொருள் சரக்கை லினக்ஸுக்குக் கொண்டுவரும் வரை கம்ப்யூட்டரில் ஒரு வரிகூட எழுத மாட்டேன் என்று சோலைமலை ஆகிய நான் சபதம் எடுத்து இரண்டு வருஷம் ஆகிறது. சபதத்தைக் காப்பாற்றுவதில் போடியில் எனக்கு நிகர் யாரும் கிடையாது. சும்மா இருப்பதும் அலுப்பாகத்தான் இருக்கிறது, நம்புங்கள்.

என் மனைவி அன்னக்கொடி ஏலக்காய் பொறுக்கும் கொட்டகை நடத்துகிறாள். மலையிலிருந்து ஜீப்பில் இறங்கும் காயைப் பதினொரு பெண்கள் முறத்தில் போட்டுத் தரம் பிரிப்பார்கள். யார் எத்தனை கிலோ பொறுக்கினார்கள் என்று காட்ட நான் ஒரு மென்பொருள் எழுதினேன். திரையில் பொத்தானும் பெட்டியும் வரைய ஒரு கம்பெனியின் சொந்தச் சரக்கை நம்பினேன். அது விண்டோஸில் மட்டும்தான் ஓடும். எங்கள் பழைய கம்ப்யூட்டரில் புது விண்டோஸ் ஏற மறுத்தது. விண்டோஸுக்குப் பதிலாக, பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும் இலவச லினக்ஸைப் போட வைத்துவிட்டாள் அன்னக்கொடி. என் மென்பொருள் படுத்துவிட்டது.

கொட்டகையில் கம்ப்யூட்டர் முன்னால் இருக்கும் என் நாற்காலி மட்டும் பிழைத்தது. 'கம்ப்யூட்டர் சோலி பார்க்கிறவர்' என்பதால் என்னை யாரும் முறத்துப் பக்கம் கூப்பிடுவதில்லை. முறத்தின் முன்னால் ஒரு மணி நேரம் குனிந்தால் இடுப்பு கழன்றுவிடும். அந்த நாற்காலிதான் என் உயிர்.

"ஏங்க, நீங்க எழுதுனது எப்பத்தான் ஓடும்?"

"கம்பெனிக்காரன் லினக்ஸுக்குக் கொண்டு வர்றானாம்."

"யாரு சொன்னா?"

"இணையத்துல பேசிக்கிறாங்க."

"போன வருசமும்தான் பேசிக்கிட்டாங்க."

"இப்ப சத்தமாப் பேசுறாங்க. லினக்ஸ் தெரிஞ்ச ஆள் வேணும்னு அவன் விளம்பரமே போட்டுட்டான். அதுக்கு ஒரு அர்த்தம் இருக்குல்ல!"

"அவன் வீட்டுலயும் நம்மள மாதிரி ஒரு பழைய கம்ப்யூட்டர் கெடக்கும்."



திடீரென்று ஒருநாள் கேட்காமலே காப்பி வந்தது. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

"நீங்க சொல்றதுதான் சரி. காத்திருப்போம். ஆனா அவன் கொண்டு வர்ற அன்னைக்கு உங்களுக்கு எல்லாம் மறந்து போயிருந்தா? எந்தப் பொத்தானை அமுக்குனா என்ன வரும்னு ஒரு நோட்டுல வரைஞ்சு வச்சிருங்க."

கல்யாணம் ஆகி இருபது வருஷத்தில் 'நீங்க சொல்றதுதான் சரி' என்று அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. குளிர்ந்துபோய்விட்டேன். பத்து நாள் உட்கார்ந்து ஒவ்வொரு திரையையும் வரைந்தேன். கடைசிப் பக்கத்தில் ஒரு புது யோசனை: மத்தியானம் பன்னிரண்டுக்குள் ஐந்து கிலோ முடிக்காதவர் பெயர் சிவப்பாகும், மூன்று தடவை மணி அடிக்கும்.

"பாவங்க, எதுக்கு இது?"

"சோம்பேறிக்கு இரக்கமே காட்டக் கூடாது அன்னம்!"

"சரிதான்" என்று நோட்டை வாங்கிக்கொண்டாள்.

நோட்டு எழுதிய களைப்புக்கு வீட்டில் ஓய்வெடுத்துவிட்டு மூன்று வாரம் கழித்துக் கொட்டகைக்குப் போனேன். கோயம்புத்தூர் மென்பொருள் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் எதிர்வீட்டு சுகன்யா என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கம்ப்யூட்டரில் என் திரைகள் ஓடிக்கொண்டிருந்தன!

"அண்ணே, உங்க நோட்டு ரொம்பத் தெளிவா இருந்துச்சு. பிரவுசர்லயே ஓடுற மாதிரி எழுதிட்டேன். லினக்ஸு, போனு, எதுலயும் ஓடும்."

"அப்ப அந்தக் கம்பெனிக்காரன்?"

"அவரு மெதுவா வரட்டும்ணே."

அன்னக்கொடி பக்கம் திரும்பினேன். "அன்னம், அப்ப எனக்கு என்ன சோலி?"

"முனியாயி தன் மகளோட பிரசவத்துக்குப் போயிருக்கா. அவ முறம் சும்மாதான் கெடக்கு. வெரசா வந்து உக்காருங்க."

உட்கார்ந்தேன். பன்னிரண்டு மணிக்குக் கம்ப்யூட்டர் மூன்று தடவை மணி அடித்தது. பத்துப் பெண்களும் நிமிர்ந்து பார்த்தார்கள். நானும் பார்த்தேன். லினக்ஸ் திரையில் சிவப்பாக ஒரே ஒரு பெயர்: சோலைமலை.