‘எனக்கு ஒண்ணுமில்ல’ வெங்கடேஸ்வரி

மனிதர்களில் ஓர் இனம் உண்டு. இந்த இனத்துக்கு யார் மீதும் வெறுப்பு கிடையாது, அருவருப்பு கிடையாது, மூடநம்பிக்கை மருந்துக்கும் கிடையாது. ஆனால் ஊருக்கு உண்டு. பக்கத்து வீட்டுக்காரருக்கு உண்டு. மாமியாருக்கு நிச்சயமாக உண்டு. மாடி வீட்டை வாடகைக்கு விடும்போதும், மகனுக்குப் பெண் பார்க்கும்போதும், பந்தியில் இடம் மாறி உட்காரும்போதும் இவர்கள், “எனக்கு ஒண்ணுமில்ல, மத்தவுகதான்...” என்று தொடங்குவார்கள். அந்த மத்தவுகளை இதுவரை யாராவது நேரில் பார்த்திருக்கிறீர்களா?

ராஜபாளையத்து வெங்கடேஸ்வரி இந்த இனத்தில் நன்றாகத் தேறின உருப்படி.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்த ஒரு தொண்டு நிறுவனம் அவள் தெருவில் பெண்கள் குழு ஆரம்பித்தது. ஆடு வாங்க, தையல் மிஷின் வாங்க, சின்னதாகக் கடை போடக் கடன் கிடைக்கும். ஜாமீன் வேண்டாம், குழுவில் எல்லாரும் சம்மதித்தால் போதும். நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். வாரக் கூட்டத்தில் முதல் அரை மணி நேரம் எச்.ஐ.வி. பற்றிய பாடம், அதன் பிறகுதான் கடன் பேச்சு. பாடம் நடத்த வெளியூர் டாக்டர் வரமாட்டார். குழுவிலேயே ஒருத்தி பயிற்சிக்குப் போய்வந்து தன் தெருவுக்குத் தானே சொல்ல வேண்டும். இதைக் கேட்டதும் பதினான்கு பேர் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பதினைந்தாவது ஆள் கையைத் தூக்கினாள். வெங்கடேஸ்வரிக்கு மைக் என்றால் அப்படி ஓர் ஆசை.

குறை சொல்லக் கூடாது, பிரமாதமாகத்தான் நடத்தினாள். ஆணுறை மாட்டிக் காட்டுவதற்கு நிறுவனம் தருவதாகச் சொன்ன மரப் பொம்மை வந்துசேரவில்லை என்றதும், வீட்டுப் பூரிக்கட்டையைப் பையில் போட்டு எடுத்துவந்து பாடத்தை முடித்துவிட்டாள். அன்றிலிருந்து அவள் கணவர் ஐயாதுரை சப்பாத்தி கேட்பதில்லை. மில் வாசல், ஆட்டோ ஸ்டாண்டு, செட்டியார்பட்டி வரைக்கும் அவள் குரல் போனது. அரசு ஆஸ்பத்திரியில் ரத்தம் பரிசோதிக்கும் நம்பிக்கை மையத்துக்கு நாற்பத்து மூன்று பேரைக் கையைப் பிடித்து அழைத்துப் போயிருக்கிறாள். “ஒரே தட்டுல தின்னா வராது, ஒரே டம்ளர்ல குடிச்சா வராது, கொசு கடிச்சாலும் வராது” என்று அவள் ராகம் போட்டுச் சொன்னால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள்கூடப் பின்பாட்டுப் பாடும்.

இப்படி இருக்கும்போது வத்திராயிருப்பிலிருந்து குடிவந்த மகாலட்சுமி குழுவில் சேர்ந்தாள். புருஷன் இல்லை, பள்ளியில் படிக்கும் ஒரு மகள் உண்டு. சாயங்காலப் பணியாரக் கடை போடக் கடன் கேட்டாள். கேட்டவள் அதோடு நிற்கவில்லை. எட்டு வருஷமாக எச்.ஐ.வி.க்கு மாத்திரை சாப்பிடுவதாகவும், பிறர் வாயால் தெரியவருவதற்கு முன் தானே சொல்லிவிட வேண்டும் என்று நினைத்ததாகவும், இந்தக் குழுவில் நடக்கும் பாடத்தைக் கேட்டுத்தான் அந்தத் தைரியம் வந்ததாகவும் சொன்னாள்.

எல்லாரும் வெங்கடேஸ்வரியைப் பார்த்தார்கள். வெங்கடேஸ்வரி காற்றாடியைப் பார்த்தாள்.

“எனக்கு ஒண்ணுமில்ல தாயி” என்றாள் கடைசியில். “வாங்கித் திங்கிற சனம் என்ன சொல்லும்? நீ ஏன் தையல் மிஷினுக்கு எழுதக் கூடாது?”

கூட்டத்தில் குருவம்மாள் என்று ஒரு கிழவி உண்டு. பாடம் தொடங்கியதும் தூங்கி, கடன் பேச்சுக்குச் சரியாக விழிப்பவள். அவள் அன்று முன்கூட்டியே விழித்துவிட்டாள்.

“ஏட்டி, சேந்து தின்னா வராதுன்னு நீதான சொன்ன?”

“பாடம் வேற, யாவாரம் வேற, பெரியம்மா.”

“தூங்குன எனக்கே வெளங்கிருச்சு. முழிச்சுக்கிட்டுச் சொன்ன ஒனக்கு வெளங்கலயே” என்று சொல்லிவிட்டு, கிழவி முதல் ஆளாகக் கை தூக்கினாள். ஒவ்வொரு கையாக எழுந்தது. தான் மட்டும் தூக்காமல் இருந்தால் நிறுவனத்தில் பேர் கெட்டுவிடும் என்று வெங்கடேஸ்வரியும் தூக்கினாள்.

கடை வந்தது. கூட்டமும் வந்தது. அந்த ‘சனம்’ ஒன்றும் சொல்லவில்லை, இன்னும் கொஞ்சம் சட்னிதான் கேட்டது. குழுவில் எல்லாரும் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். வெங்கடேஸ்வரிக்கு மட்டும் கூப்பிட்ட நாளெல்லாம் விரதம். திங்கள் சிவனுக்கு, செவ்வாய் அம்மனுக்கு, வியாழன் குருவுக்கு, சனி பெருமாளுக்கு. புதன்கிழமைக்குச் சாமி கிடைக்காமல் பல்வலி என்றாள். இத்தனை விரதம் இருந்தும் உடம்பு இளைக்கவில்லை. காரணம், ஐயாதுரை தினமும் சாயங்காலம் ஒரு பொட்டலம் பணியாரம் வாங்கி வருவார். மொறுமொறுவென்று, காரம் குறைந்த சட்னியோடு, அவள் வயிற்றுப்புண்ணுக்கென்றே செய்தது போல இருக்கும். ஒரு மாதம் அதை ருசித்துத் தின்றவள், ஒருநாள் சம்பந்தி வீட்டார் வருவதால் நாற்பது பணியாரம் சொல்ல வேண்டும், எந்தக் கடை என்று கேட்டாள்.

“மகாலட்சுமி கடைதான்” என்றார் ஐயாதுரை. அவள் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, “நீ கண்ணாடி முன்னால நின்னு பேசிப் பழகுனதெல்லாம் கேட்டுத்தான நானே கத்துக்கிட்டேன்?” என்றார் நிஜமான குழப்பத்தோடு.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் வெங்கடேஸ்வரி ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனாள். உள்ளூர் ஆஸ்பத்திரியில் முகம் தெரியும் அல்லவா? அங்கேயும் தெரிந்தது. நம்பிக்கை மையத்தின் ஆலோசகர் வெங்கடேஸ்வரியோடு பயிற்சியில் இருந்த பெண். யாரை அழைத்து வந்திருக்கிறீர்கள் என்று அவள் கேட்க, “என்னையத்தான்” என்றாள் இவள். ஆலோசகர் கதவைச் சாத்திவிட்டு, வழக்கமாகக் கேட்பதையெல்லாம் தணிந்த குரலில் கேட்டாள். எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை என்று தலையாட்டிய வெங்கடேஸ்வரி கடைசியில் சொன்னாள்:

“பணியாரம் தின்னுட்டேன்.”

ஆலோசகர் சிரிக்கவில்லை. அது அவள் வேலையின் பெருமை. “ஒரே தட்டுல தின்னா வராதுக்கா. ஒங்க ஊர்லருந்து இங்க வாரவுக அம்புட்டுப் பேரும் எனக்கே பாடிக் காட்டுறாக, நீங்க சொல்லிக்குடுத்ததுன்னு” என்றாள். பணியாரத்துக்காகப் பரிசோதனை தேவையில்லை. ஆனாலும் யாராக இருந்தாலும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லதுதான் என்றாள். நாற்பத்து மூன்று பேரைப் பரிசோதனைக்கு அழைத்துப் போனவள் தன்னை ஒருநாளும் அழைத்துப் போகவில்லை என்பது வெங்கடேஸ்வரிக்கு ஊசி குத்தும்போதுதான் உறைத்தது. ரத்தத்தில் ஒன்றுமில்லை என்று முடிவு வந்தது.

ஊர் திரும்பியவள் நேரே பணியாரக் கடைக்குப் போய் நின்றாள். நாற்பது பணியாரம் வேண்டும் என்று மட்டும் சொன்னாள்.

“சட்னி எல்லாருக்கும் ஒண்ணாவே அரைக்கட்டா, மதினி?” என்று கேட்டாள் மகாலட்சுமி. “ஒங்களுக்கு வயித்துப்புண்ணுன்னு அண்ணன் சொன்னாக. தெனமும் மொளகா கொறச்சுத் தனியாத்தான் அரைச்சுக் குடுத்துக்கிட்டிருக்கேன்.”

வெங்கடேஸ்வரி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். தெருவே பார்க்க ஒரு தட்டு வாங்கி, தலையை நிமிர்த்தாமல் சாப்பிட்டாள். அடுத்த வாரப் பாடத்தில், எங்கே போனேன், எதற்காகப் போனேன், ஆலோசகரிடம் என்ன சொன்னேன் என்பதை ஒன்றுவிடாமல் குழுவிடம் சொன்னாள். சிரித்துச் சிரித்துப் பெண்களுக்கு இடுப்பு வலித்தது. அன்றைக்கு எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவள் மகாலட்சுமி.

இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே உங்களுக்கு உங்கள் தெருவில் ஒருவரின் முகம் நினைவுக்கு வந்திருக்கும். அவருக்கு இதை அனுப்பிவைக்கலாம் என்றுகூடத் தோன்றியிருக்கும். தாராளமாக அனுப்புங்கள். ஆனால் ஒரு விஷயம். அவர் நேற்றே இதைப் படித்துவிட்டு, உங்களுக்கு அனுப்பலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பதாகக் கேள்வி.