மாசாயின் ஸ்கேன் சாமி

மாசாய் ஊரில் ஞாயிற்றுக்கிழமை காலை மோட்டார் சைக்கிள் நிறுத்த இடமில்லை என்றால், ஸ்கேன் சாமி வந்துவிட்டார் என்று அர்த்தம். வயிற்றின்மேல் எலுமிச்சம்பழத்தை உருட்டுவார். உள்ளே இருப்பதெல்லாம் அவருக்குத் தெரிந்துவிடும். மின்சாரம் வேண்டாம், படிப்பும் வேண்டாம். தொலைவிலுள்ள யோங் பெங் ஊரிலிருந்துகூட வேன் பிடித்து வந்தார்கள்.

அந்தக் கூட்டத்தில் தனலெட்சுமியும் நின்றாள். தொழிற்சாலையில் வேலை. இரண்டு வருடமாகக் குழந்தைக்குக் காத்திருப்பவள். அடிவயிற்றில் ஒரு கட்டி.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் பார்த்த டாக்டர் சுகந்தினி, "சினைப்பைக் கட்டி மாதிரி தெரியுது. கர்ப்பப்பையில வளர்ற சாதாரண சதைக்கட்டியாவும் இருக்கலாம். எம்ஆர்ஐ எடுத்தாத்தான் நிச்சயமா சொல்ல முடியும்" என்றார்.

'இருக்கலாம்' என்ற சொல் தனலெட்சுமியைத் தூங்கவிடவில்லை. சாமியிடம் அந்தச் சொல்லே கிடையாது.

"சினைப்பையில செய்வினைக் கட்டி! கத்தி பட்டா உசிரு போயிரும். ஒன்பது வாரம் தீர்த்தம் குடி. ஆஸ்பத்திரிப் பக்கமே போகாதே."

அவள் எம்ஆர்ஐ எடுக்கப் போகவில்லை. விஷயம் தெரிந்த தோழி கஸ்தூரி திட்டவில்லை. அடுத்த ஞாயிறு கூடவே வந்து, "எனக்கும் பாருங்க சாமி" என்று படுத்தாள்.

எலுமிச்சை உருண்டது. நின்றது.

"உனக்கும் அதேதான்மா! இடது சினைப்பையில, முட்டை அளவு. உன் நாத்தனார் வச்சது."

கஸ்தூரி எழுந்து உட்கார்ந்தாள். "அலமாக், ஐயோ! ஆறு வருஷத்துக்கு முன்னாடியே கர்ப்பப்பை, ரெண்டு சினைப்பை எல்லாத்தையும் எடுத்துட்டாங்களே சாமி. இந்தாங்க ஆஸ்பத்திரி கடிதம். என் வீட்டுக்காரரும் ஒரே பிள்ளை லா. நாத்தனார் எங்கேருந்து வந்தாங்க?"

சாமி எலுமிச்சையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அது... சூட்சும சினைப்பை."

"அப்ப நாங்க குடிச்சது சூட்சுமத் தண்ணியா?" என்று வரிசையிலிருந்து பேச்சியம்மாள் கத்தினாள். கூட்டம் சிரித்தது, பிறகு நெருங்கியது. பின்வாசல் வழியாக ஓடும்போது சாமிக்குச் செருப்பு மாட்டக்கூட நேரமில்லை.

மறுவாரம் தனலெட்சுமிக்கு எம்ஆர்ஐ எடுத்தார்கள். கர்ப்பப்பையிலிருந்து காம்புபோல் தொங்கிய சதைக்கட்டி, சினைப்பையோடு ஒட்டிக் கிடந்து ஏமாற்றியிருக்கிறது. சினைப்பைகள் இரண்டும் நலம். கட்டியை மட்டும் எடுத்தார்கள். புற்று இல்லை என்று பரிசோதனையும் சொன்னது.

தனலெட்சுமி அழுதுகொண்டே கேட்டாள்: "இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே டாக்டர்?"

"அன்னைக்கு எனக்கே தெரியாதேம்மா. அதனாலதான் எம்ஆர்ஐ எடுத்துப் பார்க்கச் சொன்னேன்."

சாமி இப்போது ஆயர் ஈத்தாம் என்ற ஊரில் இருக்கிறாராம். கூட்டத்துக்குக் குறைவில்லையாம். தெரியாததைத் தெரியாது என்பவரை விட்டுவிட்டு, இல்லாததை இருக்கிறது என்பவரிடம்தான் நமக்கு நம்பிக்கை. அவரிடம் போகிறவர்கள், எலுமிச்சைக்கு வயிற்றைக் காட்டும் முன், 'உள்ளே இருப்பது உங்களுக்கு எப்படித் தெரியும்?' என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். அதற்கு மூளை போதும்; தட்சிணை வேண்டாம்.