துரைக்கு வார்த்த குண்டுகள்

கீழ்ப்பிரட்டு லயம்,
யட்டியாந்தோட்டை.
17.06.1998

மதிப்புக்குரிய மச்சான் கிருஷ்ணகுமார் அவர்களுக்கு,

உங்கள் தங்கை மல்லிகாவும் பிள்ளைகளும் முருகன் புண்ணியத்தில் சுகம். நானும் சுகமென்று எழுதினால் பொய். எழுத்தின் கோணலிலேயே தெரியும். கொழும்பில் உங்கள் வீட்டில் எனக்கு ஒரு பாய் போட இடம் வேண்டும்.

எங்கள் தேயிலைத் தோட்டத்தை நடத்தும் புதுத் துரைக்கு இலக்குப் பலகையில் சுடுவதில் ஆசை. லைசன்ஸ் உள்ள பழங்காலத் துப்பாக்கி. அதற்கு ஈய உருண்டை கடையில் கிடைக்காதாம். ஓர் இரும்பு அச்சைக் கொடுத்து, "அழகமுத்து, நீதானே ஃபெக்டரி மிசினெல்லாம் பாக்குற பிட்டர். வார்த்துக் குடு" என்றார். இந்தக் காலத்தில் தமிழன் குண்டு வார்ப்பதா என்று கேட்க நினைத்தேன். வாயில் வந்தது "சரிங்க தொரை".

ஞாயிற்றுக்கிழமை ஃபெக்டரிக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் பழைய குழாய் ஈயத்தை உருக்கினேன், அச்சு சூடேறுமுன் ஊற்றியதால் முதல் பத்தும் வற்றிய நெல்லிக்காய் போல வந்தன, திரும்ப உருக்கி ஊற்ற மினுமினுவென்று விழுந்தன, கொஞ்சம் பெருமைகூட வந்தது, அந்த நேரம் பார்த்து மழை பிடித்து, கூரை ஓட்டையால் ஒரேயொரு சொட்டு சட்டிக்குள் விழ, படாரென்று ஈயம் தெறித்தது, நான் சாக்குக் குவியலுக்குள் பாய்ந்தேன், லயத்து வீடுகளில் கதவெல்லாம் சாத்தினார்கள், சந்தியில் நின்ற பொலிஸ் ஜீப் வந்துவிட்டது. சார்ஜன் ஓர் உருண்டையை உள்ளங்கையில் உருட்டி, இது யாருக்கு என்று சிங்களத்தில் கேட்டார். சிறுவயதிலிருந்து பேசும் சிங்களம், மச்சான், அன்றைக்கு ஒவ்வொரு சொல்லாகத்தான் வந்தது. "மஹத்தயாட்ட" என்றேன், துரைக்கு என்று. எப்போது என்றார். "ஹெட்ட", நாளைக்கு, என்றேன். நாளைக்குத் துரையைச் சுடப் போகிறேன் என்று அவருக்கு விளங்கியிருக்கிறது. கையில் விலங்கு விழுந்தது.

மல்லிகா மழையில் ஓடிவந்து ஜீப்பைப் பிடித்துக்கொண்டாள். "எங்க கூட்டிட்டுப் போறீங்கன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க" என்றாள். யாரும் சொல்லவில்லை. அப்படிப் போய்த் திரும்பாதவர்களின் முகங்களெல்லாம் வழி நெடுக எனக்கு ஞாபகம் வந்தன. அவளோ செருப்பில்லாமல் துரை பங்களாவுக்கு ஓடியிருக்கிறாள். அந்தி சாயுமுன் துரை லைசன்ஸோடு ஸ்டேசனுக்கு வந்து விளக்கியதும் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன், சிரிக்காவிட்டால் சந்தேகப்படுவார்களே என்று.

இனி ஈயத்தைத் தொடமாட்டேன். உங்கள் தங்கை மேல் சத்தியம். வெள்ளிக்கிழமை வருகிறேன். உங்கள் வீட்டு அக்காவுக்கு வணக்கம், பிள்ளைகள் நோய்நொடியின்றி இருக்க அம்மன் காக்கட்டும்.

இப்படிக்கு,
உயிரோடிருக்கும் மச்சான்
அழகமுத்து

பி.கு.: பாய் வேண்டாம். கடிதத்தை ஒட்டுமுன் அச்சைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். ஒன்றைச் சுட்டுப் பார்த்துவிட்டுப் போ என்றார் துரை. கண்ணை மூடிக்கொண்டு சுட்டேன், மச்சான். பலகையின் நட்டநடுவில் பட்டது. பழைய ஈயம் ஐந்து இறாத்தல் பார்த்து வையுங்கள். வெள்ளிக்கிழமை வந்து எடுத்துக்கொண்டு அன்றே திரும்புகிறேன். பஸ்ஸில் சோதித்தால் என்ன சொல்வதென்று நீங்களே யோசித்து வையுங்கள்.