கடைசியாக வரத் தெரியாதவன்

தோல்விப் பயத்துக்கு மருந்து இருக்கிறது, நானே உட்கொண்டிருக்கிறேன். பொறாமைக்கு இன்னும் கிடைக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு முறை நூறு மீற்றர் ஓடிக் கடைசியாக வந்தேன். அதன்பிறகு முப்பது வருடம் எந்தப் போட்டியிலும் சேரவில்லை. பதவி உயர்வுப் பரீட்சைக்குக்கூட விண்ணப்பிக்கவில்லை. (கேட்டவர்களிடம் நேரமில்லை என்றேன்.) என் மனைவியின் தம்பி விஜயனோ கரப்பந்தாட்ட அணித் தலைவர், அதே பரீட்சையில் முதல் தடவையே தேறியவர், போதாததற்கு நல்ல மனிதர். அந்தக் கடைசிக் குணத்தைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

சித்திரை வருடப்பிறப்பு விளையாட்டு விழாவுக்கு இரண்டு வாரம் இருக்கையில் மனைவி சொன்னாள்:

"இஞ்சாருங்கோ, உங்கட பேரையும் குடுத்திட்டன். மெதுவான சைக்கிள் ஓட்டம்."

"எனக்கு ஏலாது."

"கடைசியாய் வாறவருக்குத்தான் பரிசு. உங்களுக்குப் பழக்கம்தானே."

"உம்மட தம்பியும் ஓடுறாரோ?"

"ஓம்."

அந்த ஒரு 'ஓம்' போதுமாக இருந்தது. விடியற்காலையில் இறுப்பிட்டி ஒழுங்கையில் பயிற்சி எடுத்தேன். ஆடுகள் என்னை முந்தும் அளவுக்குத் தேறினேன்.

மடத்துவெளி மைதானத்தில் ஐந்து பேர் நின்றோம். கால் நிலத்தில் படக்கூடாது, கோட்டை விட்டு விலகக்கூடாது. கடற்காற்று வேறு முதுகில் தள்ளியது. பத்து மீற்றருக்குள் மூன்று பேர் சரிந்துவிட்டார்கள். மிஞ்சியது விஜயனும் நானும். அவர் எனக்கு ஒரு சைக்கிள் நீளம் முன்னால். அதாவது, நான் வென்றுகொண்டிருந்தேன்.

அப்போது அவர் மெல்லத் திரும்பிச் சிரித்தார்.

"அத்தான், அவசரப்படாதேங்கோ. நீங்கள்தான் வெல்லுறியள்."

ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் காதில் விழுந்தது. மூளைக்கு எட்டியது ஒன்றுதான்: இவன் எனக்கு முன்னால் போகிறான், போகிற போக்கில் புத்தியும் சொல்கிறான். கலியாணம் முடித்த நாளிலிருந்து சேர்ந்த பதினைந்து வருட எரிச்சல் பெடலில் இறங்கியது. அவரைத் தாண்டி, முடிவுக் கோட்டைக் கடந்து, இரண்டு கைகளையும் உயர்த்தினேன்.

ஒலிபெருக்கியில் அறிவிப்பாளரின் குரல் கேட்டது:

"அண்ணை, கையைக் கீழ விடுங்கோ. நீங்கள் தோத்திட்டியள்."

பிறகு எழுந்த சிரிப்புக்குள் விஜயன் மெல்ல, ஆறுதலாக வந்து கோட்டைக் கடந்தார். பரிசாகக் கிடைத்த தேநீர்ப் பிளாஸ்க்கை அக்காவிடமே கொடுத்துவிட்டார். (நல்ல மனிதர் என்று சொன்னேன் அல்லவா?)

மறுநாள் பேக்கரிக்குப் போனேன். சிரித்தார்கள், ஆனால் வழமைபோல் பாணும் தந்தார்கள். இதைவிட மோசமாகத் தோற்க வழியில்லை என்று அங்கேதான் உறைத்தது. அந்த வருடமே பரீட்சை எழுதித் தவறினேன். அடுத்த வருடம் தேறினேன். சைக்கிள் ஓட்டத்துக்கு இப்போது நானே பெயர் கொடுக்கிறேன்.

இன்றைக்கும் நான் பஸ்ஸைப் பிடிக்க ஓடினால், படலையில் நின்று மகள் சொல்லுவாள்: "அப்பா, அவசரப்படாதேங்கோ. நீங்கள்தான் வெல்லுறியள்."

வீடே சிரிக்கும். என்னைப் பற்றி எங்கள் வீட்டில் உள்ள ஒரே பகிடி அது. அந்த வசனமும் விஜயனுடையது.