பதினேழாம் நம்பர் வண்டி டீ

எழுதாத பேனாவைக் குப்பையில் போடுவதற்குக்கூட அடுத்தவர் சம்மதத்தை மூன்று தரம் கேட்கிற மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான் பிறந்தார். அவர் காஞ்சிபுரத்தில், எங்கள் ஆபீஸில் வேலை பார்த்தார். நாங்கள் வைத்த பெயர் கருப்புத்திரை. அவர் உயிராக வைத்திருந்த ஒரே ஒரு வரியை, அவர் கையாலேயே அழிக்கவைத்த புண்ணியவான் நான்.

புடவைக் கடைக்கு மேல்மாடி எங்கள் ஆபீஸ். ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஷிப்ட் பஸ் எங்கே வருகிறது என்று ஜனங்களின் போனுக்குச் சொல்வது தொழில். ஒவ்வொரு பஸ்ஸிலும் தீப்பெட்டி மாதிரி ஒரு கருவி. 'இங்கே இருக்கிறேன், இங்கே இருக்கிறேன்' என்று அது ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தத் தகவலை ஒரு புரோகிராம் வாங்கும், அடுத்தது நேரம் கணக்குப் போடும், மூன்றாவது போனுக்கு அனுப்பும். மூன்றையும் கோத்து ஒரு பெயர் வைத்தால் அது ஒரு ஸ்ட்ரீம். அப்படி நாற்பது ஸ்ட்ரீம்கள் எங்களிடம் ஓடின.

இதையெல்லாம் கலர் கலரான பட்டனை அமுக்கியும் செய்யலாம். அவர் செய்யமாட்டார். கருப்புத் திரை, வெள்ளை எழுத்து, கட்டளையை வார்த்தை வார்த்தையாகத் தட்டுவார். மவுஸை டிராயரில் போட்டுப் பூட்டிச் சாவியை அரைஞாணில் முடிந்திருந்தார்.

"ஏண்ணா, பட்டன்ல சீக்கிரமா முடிஞ்சிடுமே?" என்று கேட்டேன். போனில் ஜனங்களின் திட்டை வாங்குவது என் வேலை; அவர் வேலையில் மூக்கை நுழைப்பது பொழுதுபோக்கு.

"பட்டன தும்மிக்கினே அமுக்கிடலாம்பா. தும்மிக்கினே ஒரு வார்த்தை அடி, பாக்கலாம்."

கருட சேவை அன்று தெருவெல்லாம் ஜனம். எங்கள் பஸ்கள் வரிசையாக நின்றுவிட்டன. "உங்க சிஸ்டம் செத்துப்போச்சா?" என்று ஒரு கம்பெனிக்காரர் கத்தினார். கருப்புத்திரை என் கையிலிருந்து போனை வாங்கினார். "சிஸ்டம் நல்லாத்தான் இருக்குது சார். முன்னாடி பெருமாள் போய்க்கினு இருக்காரு. அவருக்கு நம்ம கருவி மாட்டல. மாட்டியிருந்தா எப்போ நகருவாருன்னு இந்நேரம் சொல்லியிருப்பேன்."

ஒரு ஸ்ட்ரீமை நிறுத்தச் சொன்னால் உடனே நிறுத்துவார். அழிக்கச் சொன்னால்தான் வினை. "நிறுத்தினா திருப்பி ஓட்டலாம். அழிச்சா, அப்படி ஒண்ணு இருந்துச்சின்னு சொல்ல ஆள் இருக்காது" என்பார். பெயரை உரக்கப் படித்து, பக்கத்தில் இருப்பவரிடம் "அழிச்சிடலாமா?" என்று மூன்று தரம் கேட்பார். மூன்று 'ஆமா' வந்தால்தான் விரல் அசையும். ஒரு நாள் அகப்பட்டவர் கூரியர்காரர்.

"சார், கையெழுத்து போடு சார், நேரமாவுது."

"மூணாவது ஆமா சொல்லிட்டுப் போபா."

இன்னொரு கூத்து, டீ. சாயங்காலம் எல்லோருக்கும் அவரே டீ போடுவார். ஆனால் நேரம் கிடையாது. ஒரு நாள் ஐந்தே முக்கால், மறுநாள் ஆறரை. மழை கொட்டிய நாளில் ஏழேகால். திரையில் ஏதோ ஒரு வரி விழும், இவர் எழுந்து போய்ப் பால் வைப்பார். "இன்னாண்ணா லேட்டு?" என்றால், "வண்டி லேட்டு" என்பார். நான் பால் வண்டி என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் புது மேனேஜரம்மா வந்தார். மெஷின் மாற்றப்போகிறோம், எந்தக் கம்பெனிக்கும் போகாத ஸ்ட்ரீமை எல்லாம் அழித்துவிடுங்கள் என்றார். நியாயம்தான். 'ஆமா' சொல்ல நான் உட்கார்ந்தேன். பதினொன்று அழிந்தது, முப்பத்து மூன்று ஆமா. எனக்கு நாக்கு வறண்டுவிட்டது.

கடைசிப் பெயரைப் படித்துவிட்டு அவர் நின்றார். "பேரு... டீ."

எனக்குச் சிரிப்பு. "யாருக்குண்ணா போவுது அது?"

"இப்போ யாருக்கும் இல்ல. அழிச்சிடலாமா?"

"அதுக்கு இன்னா யோசனை? ஆமா, ஆமா, ஆமா!" மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு எழுத்தெழுத்தாகத் தட்டினார். அழிந்தது என்று ஒரு வரி வந்தது.

மறுநாள் டீ வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. சாயங்காலமானால் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் டீ குடிக்கக் கீழே இறங்கினேன். புடவைக் கடை வாச்மேன் பிடித்துக்கொண்டார்.

"இன்னாபா, மேல டீ இல்லியா? அவுரு வீட்டம்மா போனப்போகூட டீயை நிறுத்தலியே அந்த மனுசன்."

"வீட்டம்மாவா?"

"உனக்குத் தெரியாது, நீ சேர்றதுக்கு முன்னாடி. கம்பெனி வேலை அந்தம்மாவுக்கு. பதினேழாம் நம்பர் வண்டி. ராஜகுளம் தாண்டினதும் இவருக்குத் தகவல் வந்துடும், டீ வெச்சிடுவாரு. அந்தம்மா இங்க எறங்கி, ஒரு டம்ளர் டீ குடிச்சிட்டு, ரெண்டு பேரும் இவரு பைக்ல தாமல்ல இருக்கிற வீட்டுக்குப் போவாங்க. காய்ச்சல்னு படுத்தது, எழுந்திருக்கல."

வாங்கிய டீயை அப்படியே வைத்துவிட்டு மேலே ஓடினேன்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேண்ணா?"

"மூணு தரம் கேக்கலாம்னுதான் இருந்தேன்" என்றார். "நீ ஒரே தரத்துல சொல்லிட்டே."

நான் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. அவர் தட்டுவதை வேடிக்கை பார்த்ததுதான் என் படிப்பு. மதியம் அவர் சாப்பிடப் போகும் நேரமாகப் பார்த்து, நாலு நாள் அந்தக் கருப்புத் திரையோடு மல்லுக்கட்டினேன். சிவப்பெழுத்தில் அது திட்டாத திட்டு இல்லை. ஐந்தாம் நாள் எல்லாம் கோத்துக்கொண்டது. சாயங்காலம் ஆறு பத்துக்கு அவர் திரையில் ஒரு வரி விழுந்தது: பதினேழு, ராஜகுளம் தாண்டியது.

ரொம்ப நேரம் அதையே பார்த்தார். நான் போனில் பேசுவதுபோல் பாசாங்கு செய்தேன்.

"டீ ரெண்டுன்னு பேர் வெச்சிருக்கே. மொத டீ எங்கன்னு யாராவது கேட்டா இன்னாபா சொல்லுவே?" என்று முறைத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு பால் வைக்கப் போனார்.

ஏழெட்டு மாசம் அந்த டீயைக் குடித்தோம். ஒரு திங்கட்கிழமை அவர் வரவில்லை. தாமலுக்குப் போய் மாலை போட்டுவிட்டு வந்தோம். டிராயர் இன்னும் பூட்டியே இருக்கிறது. உடைக்க யாருக்கும் கை வரவில்லை.

போன வாரம் மேனேஜரம்மா மறுபடி பட்டியல் எடுத்தார். "இந்த டீ ரெண்டு யாருக்குப் போவுது? அழிச்சிடலாமா?"

"எனக்கு, மேடம்" என்றேன். அவர் ஒரு தரம்தான் கேட்டார். நான் மூன்று தரம் "வேணாம்" சொன்னேன்.

இப்போதும் பதினேழு ராஜகுளம் தாண்டுகிறது. வரி விழுந்ததும் எழுந்து போய்ப் பால் வைக்கிறேன். தினமும் ரெண்டு டம்ளர் மிஞ்சுகிறது. மிஞ்சட்டும்.