பிளம்பர் உள்ளே வரக் கூடாது

நெருப்பைக் கண்டுபிடித்தவன், சக்கரத்தைக் கண்டுபிடித்தவன், இவர்களுக்கு அடுத்த நாற்காலியில் உட்கார வேண்டியவன் தன் வீட்டுக் குழாயைத் தானே பழுது பார்ப்பவன். அந்த நாற்காலி எங்கள் குடியிருப்பில்தான் இருக்கிறது. அதில் நான்தான் உட்கார்ந்திருக்கிறேன். பன்னிரண்டு வீடுகளின் நலச் சங்கச் செயலாளர் என்ற முறையில் இதைத் தன்னடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

எல்லாம் எங்கள் வழக்கமான பிளம்பர் சொன்ன ஒரு வார்த்தையில் தொடங்கியது. எதிர்வீட்டுக் குழாயைச் சரிசெய்துவிட்டுப் போகும்போது, "ரெண்டு நிமிஷ வேலை சார், வாஷர்தான் போயிருந்துது" என்றார்.

இரண்டு நிமிட வேலை! அதற்கு ஒருவர் பையைத் தூக்கிக்கொண்டு வர, நாம் வாய் பார்த்துக்கொண்டு நிற்பதா? அன்று மாலையே சங்கம் கூடியது. ஏழு பேர் வந்தார்கள். ஐந்து பேர் விழித்திருந்தார்கள். 'சுயபழுதுநீக்க இயக்கம்' ஒருமனதாக உதயமாயிற்று. வாசலில் நோட்டீஸ் ஒட்டினேன்: "பிளம்பர் உள்ளே வரக் கூடாது. இப்படிக்கு, செயலாளர்."

"பிளம்பர்னு எப்படி சார் கண்டுபிடிக்கிறது?" என்றார் வாட்ச்மேன்.

"பையில ஸ்பானர் இருக்கும். திறந்து பாருங்க."

இயக்கத்தின் முதல் சாதனை மொட்டை மாடியில் நிகழ்ந்தது. தண்ணீர்த் தொட்டியிலிருந்து வீடுகளுக்கு இறங்கும் குழாய்களில், இரண்டு வீட்டுக்கு ஒன்றாக ஆறு வால்வுகள். எது எந்த வீட்டுக்கு என்று தெரிய, பிளம்பர் ஒவ்வொன்றிலும் ஒரு கலர் துணியைக் கட்டி வைத்திருந்தார். பார்க்கச் சகிக்கவில்லை. துணிகளை அவிழ்த்து எறிந்துவிட்டு, ஆறுக்கும் ஒரே நீலப் பெயின்ட் அடிக்க வைத்தேன். என்ன ஒழுங்கு! அடுத்த கூட்டத்தில் கைதட்டினார்கள். தூங்கிக்கொண்டிருந்தவர்கள் சத்தம் கேட்டு எழுந்து அவர்களும் தட்டினார்கள்.

பிறகு என் வீட்டுக் குளியலறைக் குழாயே சொட்ட ஆரம்பித்தது. இயக்கத்துக்கு அது நல்ல சகுனம்.

வீட்டுக்காரி பள்ளிக்கூட ஆசிரியை. இருபத்திரண்டு வருட சர்வீஸ். அன்று பதினோரு மணிக்குத் தலைமையாசிரியைப் பதவிக்கு நேர்காணல். காலை ஒன்பது மணிக்குத் தலை முழுக்கச் சாயம் பூசி, பிளாஸ்டிக் கவரைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"ஏங்க, அரை மணி நேரத்துல இதை அலசியாகணும். அதுவரைக்கும் குழாய்ல கை வெச்சுடாதீங்க."

"அஞ்சு நிமிஷம்தான்."

"பிளம்பர் ரெண்டு நிமிஷம்னாரே?"

"அவரு தொழில் தெரிஞ்சவரு. எனக்கு ஒரு மூணு நிமிஷம் கூடக் கொடுக்க மாட்டியா?"

மாடிக்குப் போனேன். ஆறும் நீலம். எது எங்கள் வீட்டுக்குரியது? பாரபட்சம் கூடாது என்று ஆறையும் இறுக்கி மூடினேன். கீழே வந்து, இடைஞ்சலாக இருந்த வாளித் தண்ணீரைக் கொட்டிவிட்டு, குழாயைக் கழற்றினேன். பழைய ரப்பர் செருப்பிலிருந்து வாஷர் அளவுக்கு ஒரு வட்டம் வெட்டி உள்ளே வைத்தேன். மாட்டினேன். சொட்டு நின்றது. ஒரு துளி இல்லை!

"தண்ணியே இல்லையே, எப்படிச் சொட்டும்? போய்த் திறங்க."

திறக்கப் போனேன். முதல் வால்வின் கைப்பிடி கையோடு வந்துவிட்டது. இரண்டாவதும் வந்தது. மற்ற நான்கும் நான் இறுக்கிய இறுக்கில் பெயின்ட்டோடு சிக்கிக்கொண்டு அசையவே இல்லை. இரண்டு கைப்பிடிகளோடு இறங்கி வந்தேன். படிக்கட்டில் சங்கத் தலைவர் இடுப்பில் துண்டோடு, கண்ணை மூடிக்கொண்டு நின்றார். முகம் முழுக்கச் சோப்பு நுரை.

"செயலாளரே, இருக்கீங்களா? தண்ணி என்னாச்சு?"

"இயக்கம் நடந்துட்டிருக்கு சார்."

"எரியுதுய்யா!"

அவசரக் கூட்டம் அங்கேயே கூடியது. கண் திறக்க முடியாத நிலையிலும் தலைவர் தலைமை தாங்கினார். நான் தீர்மானத்தை வாசிப்பதற்குள் வீட்டுக்காரி பிளம்பருக்குப் போன் போட்டுவிட்டாள். அவரும் வந்துவிட்டார். வாட்ச்மேன்தான் விடவில்லை. கடமை வீரர்! கவர் கட்டிய தலையோடு அவள் வாசலுக்கு ஓடினாள்.

"இவரு எங்கண்ணன். உள்ள விடுங்க."

"அண்ணன்னு சொல்றீங்க, பையில ஸ்பானர் இருக்கேம்மா?"

"என்னை உங்க செயலாளருக்குக் கட்டிக் கொடுத்துட்டு, எங்கண்ணன் ஸ்பானர் இல்லாம எப்படிங்க வீட்டுக்கு வருவாரு?"

வாட்ச்மேன் யோசித்தார். நியாயமாகப் பட்டது. வருகைப் பதிவேட்டில் 'உறவினர்' என்று எழுதிக்கொண்டு உள்ளே விட்டார்.

'மச்சான்' மாடியேறி, ஆறு நீலங்களையும் மாறி மாறிப் பார்த்தார். "எங்க சார் என் துணியெல்லாம்?"

"அழகுபடுத்திட்டோம்."

ஒவ்வொன்றிலும் பெயின்ட்டைச் சுரண்டி, குறட்டால் பிடித்துத் திருகினார். கீழே பன்னிரண்டு வீட்டிலும் தண்ணீர் கொட்டியது. தலைவர் கண் திறந்தார். வீட்டுக்காரி தலையை அலசும்போது மணி ஒன்பது ஐம்பத்தைந்து. சாயம் தன் எல்லையைக் கடந்து நெற்றியிலும் இரண்டு காதுகளிலும் குடியேறியிருந்தது. எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. அப்படியே கிளம்பிப் போனாள். பிளம்பர் என் செருப்புத் துண்டை எடுத்துவிட்டுச் சரியான வாஷரைப் போட்டார். கடிகாரம் வைத்துப் பார்த்தேன். ஒன்றே முக்கால் நிமிடம்.

மாலையில் திரும்பி வந்தாள். பதவி கிடைத்துவிட்டது!

"ஒரே கேள்விதான் கேட்டாங்க. நெத்தியில என்னம்மான்னு. நடந்ததைச் சொன்னேன். இந்த ஆளை வெச்சு இருபது வருஷம் குடும்பம் நடத்தினவங்களுக்கு எண்ணூறு பிள்ளைங்க எம்மாத்திரம்னு கையெழுத்துப் போட்டுட்டாங்க."

ஆக, இயக்கத்தால் பயன் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. வாசலில் நோட்டீஸும் அப்படியேதான் இருக்கிறது. 'பிளம்பர்' என்பதை மட்டும் தலைமையாசிரியை சிவப்பு மையால் அடித்து, 'செயலாளர்' என்று திருத்தி, 'உள்ளே' என்ற இடத்தில் 'மாடிக்கு' என்று எழுதியிருக்கிறார். கீழே என் கையெழுத்தைத் தொடவில்லை. பெருந்தன்மை.

தினமும் ஆபீஸ் விட்டு வரும்போது வாட்ச்மேன் எழுந்து நிற்கிறார். "சார், பையைத் திறங்க. ஸ்பானர் இருக்கான்னு பாக்கணும்."

நிமிர்ந்து நின்று திறந்து காட்டுகிறேன். ஆபத்தான ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தவனே நான்தானே.