சௌந்திரம் தராசு வாங்கவில்லை

குளியலறையிலிருந்து மருதாசலம் போட்ட சத்தம் தெருமுனை டீக்கடை வரைக்கும் கேட்டது.

"ஏம் புள்ள, இது சோப்பா, கட்டெறும்பா? ஒடம்பெல்லாம் கடிக்குது."

சௌந்திரம் அடுப்படியை விட்டு நகரவில்லை. "இன்னும் ரெண்டு சொம்பு தண்ணி ஊத்துங்க. மொத ஈடு அப்பிடித்தான் இருக்கும்."

"கடைச் சோப்பு ஒண்ணு எடுத்துக் குடு."

"இந்த ஊட்டுல இனிமே கடைச் சோப்பு இல்லீங்க."

விளையாட்டுக்குச் சொன்னதல்ல. மாசி மாதம் சேலத்தில் நடந்த ஒருநாள் வகுப்புக்குப் போய், அடுப்பே பற்றவைக்காமல் சோப்புச் செய்யக் கற்றுக்கொண்டு வந்திருந்தாள். காஸ்டிக் சோடாவைத் தண்ணீரில் கரைத்து, ஆறியதும் எண்ணெயில் கலந்து, கெட்டியாகும்வரை கடைந்து அச்சில் ஊற்ற வேண்டும். பிறகு வில்லை போட்டு ஒரு மாதம் காற்றாட வைக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

வகுப்புக்குப் போய்வந்த வாரமே ஒரு காதுகுத்து விருந்தில் மருதாசலத்தின் அக்கா பாவாயி, பந்தியில் உட்கார்ந்தபடி எல்லார் காதிலும் விழும்படி ஆரம்பித்தாள். "முந்தின வருசம் காளான், போன வருசம் தையலு, இந்த வருசம் சோப்பா? எதாச்சும் ஒண்ணாவது மொளைச்சுதா?"

சௌந்திரம் வாய்க்குக் கொண்டுபோன சோற்றை இலையிலேயே வைத்துவிட்டு நாத்தனாரைப் பார்த்தாள். "நங்கையா, ஆடிப் பதினெட்டுக்கு நீங்க எங்கூட்டுக்கு வருவீங்க. அன்னைக்கு என்ற சோப்புல கை கழுவிட்டு, நல்லாருக்குதுன்னு உங்க வாயால சொல்லுவீங்க. சொல்லலீன்னா, இனி எந்தப் புதுத் தொழிலையும் நான் தொட மாட்டேன்."

முப்பது பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இருபத்து நான்கு வருடமாக அந்தக் குடும்பத்தில் அவள் எதைத் தொடங்கினாலும் சிரிப்புதான் கூலி. இந்தத் தடவையும் தோற்றால் ஆயுசு முழுக்கச் சோறு வடிப்பதைத் தவிர வேறெதற்கும் வாய் திறக்க முடியாது.

வம்பு முழுக்க அளவில் இருந்தது. எல்லாவற்றையும் கிராம் சுத்தமாக நிறுத்துப் போடச் சொல்லித்தான் வகுப்பில் அனுப்பினார்கள். கோயமுத்தூரில் படிக்கும் மகள் சண்முகப்பிரியாவும் போனில் அதையே சொன்னாள். "சின்னத் தராசு ஒண்ணு வாங்கிக்குங்கம்மா."

"முந்நூறு பேருக்கு ரசம் வெச்ச கை சாமி இது. என்னைக்கு நான் உப்பை நிறுத்துப் போட்டிருக்கறேன்?"

காஸ்டிக் சோடாவுக்கும் அதே நியாயம்தான். கையுறை மாட்டிக்கொண்டு, டம்ளரில் கோபுரமாக அள்ளி, மனசுக்குத் திருப்தியாகும்வரை போட்டாள்.

கடித்த சோப்பை ஒழித்துக்கட்டும் பொறுப்பை மருதாசலமே ஏற்றுக்கொண்டார். நாமக்கல் ரோட்டில் லாரிப் பட்டறை நடத்துகிறவர். அத்தனை வில்லையையும் ஒரு சாக்கில் கட்டி வண்டியில் ஏற்றினார்.

"ஊரு பாத்தாச் சிரிக்கும். போற வழியில கல்லுக்குழியில கொட்டிட்டுப் போறேன்."

"கொட்டுங்க. அடுத்த ஈட்டைப் பாத்துட்டுப் பேசுங்க."

கடிப்பை அடக்க மஞ்சள்தூள்தான் சரி என்று அடுத்த ஈட்டில் இரண்டு கைப்பிடி போட்டாள். போட்ட மாத்திரத்தில் கலவை செக்கச்செவேலென்று ஆனது. மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும் என்பது ஆரத்தி கரைத்த எல்லாப் பெண்களுக்கும் தெரியும். காஸ்டிக் சோடாவும் சுண்ணாம்புக்குப் பங்காளி முறைதான் என்பது சௌந்திரத்துக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

மருதாசலம் எட்டிப் பார்த்தார். "யாருக்குப் புள்ள ஆரத்தி? மாப்பிள்ளை எங்க?"

"செகப்பு ராசியான நெறம்தான். உங்களுக்கு ஆகலைன்னா கண்ணை மூடிட்டுக் குளிங்க."

ஒரு மாதம் கழித்து அதுவும் கடித்தது. அதுவும் சாக்கில் ஏறியது.

மூன்றாவது ஈட்டில் சிவப்பையும் சூட்டையும் சேர்த்துத் தணிக்கத் தயிர் ஊற்றினாள். காஸ்டிக்கில் பட்ட தயிர் பொங்கி, வீடு முழுக்கக் கோழிப்பண்ணை நாற்றம் அடித்தது. பண்ணைகளுக்கு நடுவிலேயே பிறந்து வளர்ந்த பக்கத்து வீட்டு ஆராயி கூட மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து, "கோழி வாங்கிட்டீங்களாக்கா? எத்தனை உருப்படி?" என்று விசாரித்தாள்.

நாற்றத்தைக் கொல்ல, நான்காவது ஈட்டில் கிராம்பு எண்ணெய் விட்டாள். கண்ணிமைக்கும் நேரத்தில் மொத்தமும் களியாக இறுகித் துடுப்பைப் பிடித்துக்கொண்டது. சௌந்திரம் அசரவில்லை. குண்டாவைக் கால்களுக்கு இடையில் இறுக்கிக்கொண்டு கிண்டினாள். கட்டியை உடைக்க நலங்கு மாவைக் கொட்டினாள். மில்காரன் அதை ரவை பதத்துக்குத்தான் அரைத்துக் கொடுத்திருந்தான். காய்ந்த பிறகு எடுத்துத் தேய்த்துப் பார்த்தால், சோப்பு உப்புத்தாள் போல நறநறத்தது.

அன்றைக்குத்தான் முதன்முதலாக அவள் மனசு கொஞ்சம் தளர்ந்தது.

"ஏனுங்க, திருச்செங்கோடு போனா ஒரு தராசு வாங்கியாறீங்களா?"

மருதாசலத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தராசா? உன்ற கை அளவு என்ன, நீ என்ன? நாலு பேரு பேசறாங்கன்னு தராசு தூக்கற ஆளா நீ? எத்தனை டின் எண்ணெய் வேணும்னு மட்டும் சொல்லு, வாங்கியாறேன்."

தன்னைச் சீக்கிரம் தோற்கடித்து வேடிக்கை பார்க்கத்தான் இந்த மனிதர் தூபம் போடுகிறார் என்று அவளுக்குப் பட்டது. கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்தக் கோபத்திலேயே தராசு யோசனையைத் தூக்கி எறிந்தாள். நாலு வில்லையை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டாள். மீதிச் சாக்கு வழக்கம்போல வண்டியேறியது.

ஆடிப் பதினெட்டு வந்தது. பாவாயியும் வந்தாள், வந்ததும் வராததுமாகக் கையை நீட்டினாள்.

"எங்க புள்ள உன்ற சோப்பு?"

சௌந்திரம் நாலில் பார்வையாக இருந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தாள். பாவாயி இரண்டு தேய்ப்புத் தேய்த்தாள். மூன்றாவது தேய்ப்புக்கு முன் கையை உதறிக்கொண்டு தொட்டியில் முக்கினாள். உள்ளங்கை செம்பருத்திப் பூவாகச் சிவந்திருந்தது.

"இதுல எருமையைக்கூடக் குளிப்பாட்ட முடியாது சாமி. தோலே உரிஞ்சு போகும். தோத்துட்டேன்னு ஒத்துக்கோ."

சௌந்திரம் தலை குனியவில்லை. "சோப்புத்தானுங்க தோத்துச்சு, நான் தோக்கலை. ஆனா சொன்ன சொல்லு சொன்னதுதான். இன்னையோட உட்டுட்டேன்."

காஸ்டிக் டப்பாவையும் துடுப்பையும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். மருதாசலம் குறுக்கே வந்து நிலைப்படியை மறித்துக்கொண்டார்.

"அதெப்பிடி உடுவே? நாலு தடவை சரியா வல்லீன்னா அஞ்சாந் தடவை செய்யறதுதான். எங்கக்கா சொல்லறான்னு பயந்துக்குவியா நீ?"

பாவாயி தம்பியை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏண்டா, இத்தனை நாளும் குப்பை குப்பைன்னு எனக்குப் போன் போட்டுச் சொன்னவன் நீதான?"

மருதாசலம் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. பட்டறையில் பிட்டர் வேலை பார்க்கும் தங்கசாமி இறங்கினான். சட்டையெல்லாம் ஆயில் கறை, முழங்கையிலிருந்து விரல்நுனி வரைக்கும் மட்டும் கல்யாண மாப்பிள்ளை போலப் பளிச்சென்று இருந்தான். கண்ணைக் காட்டி விரட்டப் பார்த்த முதலாளியை அவன் கவனிக்கவே இல்லை. நேராகச் சௌந்திரத்திடம் வந்தான்.

"ஏனுங்க்கா, அடுத்த ஈடு எப்பங்க? முதலாளி வித்த நறநறச் சோப்பு நாலே நாள்ல தீந்து போச்சு, அது இல்லாம கிரீஸ் கை வெளுக்க மாட்டேங்குதுன்னு சங்ககிரி பட்டறைக்காரங்க அம்பது பேரு முன்பணம் கட்டிட்டுக் காத்துக் கெடக்கறாங்க."